இசைத்தட்டு ராணி கௌஹர் ஜான்

குழந்தைகளே, அப்பா அம்மாவின் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அது எவ்வளவு நேரம் ஓடும் என்று போட்டிருக்கும். 3 நிமிடம் 40 விநாடி, 4 நிமிடம் 10 விநாடி என்று பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும். அரை மணி நேரம் ஓடும் சினிமாப் பாட்டைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது கஷ்டம்.

நம் முன்னோர் காலத்தில் இப்படி இல்லை. கோயில் திருவிழாவில் நாகஸ்வர வித்வான் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார். தெருக்கூத்து ஆரம்பித்தால் பொழுது விடியும் வரை நடக்கும். வட நாட்டிலும் அப்படித்தான். ஒரு ராகத்தை எடுத்தால் அதை மெல்ல மெல்ல வளர்த்து, கேட்பவர்கள் தலையாட்டத் தொடங்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அப்படிப்பட்ட பாட்டு எப்படி மூன்று நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்தது? அதற்குக் காரணம் ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தின் முன் பயப்படாமல் போய் நின்று பாடி, நாடு முழுவதும் பெயர் வாங்கியவர் ஒரு பெண்மணி. அவர்தான் கௌஹர் ஜான்.

இன்றைய உத்தரப்பிரதேசத்தில் ஆஜம்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1873-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஐலீன் ஏஞ்சலினா யோவர்ட். அப்பா ராபர்ட் வில்லியம் யோவர்ட் ஆர்மீனிய இனத்தைச் சேர்ந்தவர். ஆர்மீனியர் என்றால் யாரோ என்று நினைக்க வேண்டாம். சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே எந்த ராஜாவின் அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. ஆர்மீனியன் தெரு என்பதுதான் நம் ஜனங்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. அவர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயிலை இன்றும் அங்கே பார்க்கலாம்.

சிறுமி ஏஞ்சலினாவுக்கு ஆறு வயது ஆனபோது, 1879-ல், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா விக்டோரியா கையில் பணம் இல்லை. மகளை அழைத்துக்கொண்டு 1881-ல் காசிக்குப் போனார். அங்கே இருவரும் இஸ்லாம் மதத்தைத் தழுவினார்கள். அம்மா மல்கா ஜான் ஆனார், மகள் கௌஹர் ஜான் ஆனாள். கௌஹர் என்றால் மணி, ரத்தினம் என்று பொருள். மல்கா ஜான் பாட்டிலும் நடனத்திலும் தேர்ந்தவர். உருது மொழியில் கவிதையும் எழுதுவார். 1886-ல் அவருடைய கவிதைகள் புத்தகமாகவே வந்தன. கணவர் கைவிட்ட ஒரு பெண் அந்தக் காலத்தில் இவ்வளவு செய்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1883-ல் தாயும் மகளும் கல்கத்தாவில் குடியேறினார்கள். அப்போது இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாதான். மகளுக்குப் பெரிய பெரிய ஆசிரியர்களை அமர்த்தினார் அம்மா. லக்னோவின் புகழ்பெற்ற நடன மேதை பிந்தாதீன் மகராஜிடம் கௌஹர் கதக் நடனம் கற்றார். வேறு ஆசிரியர்களிடம் இந்துஸ்தானி சங்கீதமும் வங்காளத்து கீர்த்தனைகளும் கற்றார். 14 வயதில், 1887-ஆம் ஆண்டு, பீகாரில் உள்ள தர்பங்கா மகாராஜாவின் சபையில் முதல் கச்சேரி. மகாராஜா அவரைத் தம் சபைக் கலைஞராகவே வைத்துக்கொண்டார். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் வயது அது.

கௌஹரைப் போன்ற பெண்களை அந்தக் கால சமூகம் நடத்திய விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரண்மனையிலும் பணக்காரர் வீட்டு விசேஷத்திலும் அவர்கள் பாட வேண்டும், ஆட வேண்டும். கேட்டு ரசிப்பார்கள், பொன்னும் பொருளும் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் குடியிருக்க விடமாட்டார்கள். அவர்களோடு உறவு என்று வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் கோயிலில் ஆடிய பெண்களுக்கு இதே கதிதான். வித்தையும் படிப்பும் அவர்களிடம் இருந்தது, மரியாதை மட்டும் வேறு யாரிடமோ இருந்தது.

இந்த இடத்தில் நம் கதைக்குள் ஓர் அமெரிக்கர் வருகிறார். பெயர் ஃபிரெட் கைஸ்பர்க். வாஷிங்டன் நகரத்துக்காரர். வேடிக்கை என்னவென்றால் அவரும் கௌஹர் பிறந்த அதே 1873-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே நன்றாகப் பியானோ வாசிப்பார். அப்போது அமெரிக்காவில் பேசும் இயந்திரங்கள் புதிதாக வந்திருந்தன. கடைத்தெருவில் அதை வைத்திருப்பார்கள். காசு போட்டுக் காதில் குழாயை வைத்தால் பாட்டோ, வேடிக்கைப் பேச்சோ கேட்கும். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் பியானோ வாசித்த சிறுவர்களில் கைஸ்பர்க்கும் ஒருவர். பிறகு எமில் பெர்லினர் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தோசைக்கல் மாதிரி வட்டத் தட்டில் பாட்டைப் பதிக்கும் கிராமபோனைக் கண்டுபிடித்தவர் இந்தப் பெர்லினர்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிராமபோன் நன்றாக விற்றது. அடுத்து ஆசியாவில் விற்க வேண்டும். ஆனால் ஆங்கிலப் பாட்டை வைத்துக்கொண்டு இங்கே யாரிடம் விற்பது? இந்த நாட்டுப் பாட்டு வேண்டும். அதற்காக லண்டன் கிராமபோன் கம்பெனி கைஸ்பர்க்கை 1902 செப்டம்பர் இறுதியில் கப்பல் ஏற்றியது. அந்தக் கப்பலின் பெயர் கோரமண்டல். ஆமாம், சோழமண்டலம் என்ற நம் கடற்கரையின் பெயர்தான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆயிற்று. சென்ட்ரலுக்கு வரும் ரயிலுக்கும் எண்ணூர் உரத் தொழிற்சாலைக்கும் அதே பெயர் இருப்பதை வடசென்னைப் பிள்ளைகள் அறிவார்கள்.

கல்கத்தாவில் இறங்கிய கைஸ்பர்க்குக் கர்நாடக சங்கீதமும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. நல்ல பாடகர்களைத் தேடி அலைந்தார். பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும், அப்புறம் பாட வராது என்று ஒரு பயம். அரச சபையில் பாடிய பாட்டைக் கண்ட இடத்தில் கண்டவரும் கேட்பதா என்று ஒரு கௌரவம். மூன்று நிமிடத்தில் என்ன சங்கீதம் வேண்டியிருக்கிறது என்ற கேள்வியும் இருந்தது. அது நியாயமான கேள்விதான்.

அந்த ஆண்டு நவம்பரில், ஹோட்டல் அறை ஒன்றில் பதிவு ஆரம்பமானது. முதலில் பாடியவர்கள் நாடக மேடையைச் சேர்ந்த சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு இளம் பெண்கள். இந்தியாவில் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியவர் கௌஹர் ஜான் என்று பல இடங்களில் படிப்பீர்கள். உண்மையில் அவர் சில நாட்கள் கழித்துத்தான் வந்தார். ஆனால் வந்த பிறகு நடந்ததுதான் பெரிய கதை.

அந்த அறையை மனதில் கற்பனை செய்து பாருங்கள். மைக் கிடையாது. மைக் வைத்துப் பதிவு செய்வது 1925-ல்தான் வந்தது. சுவரிலிருந்து பெரிய ஊமத்தம்பூ மாதிரி ஒரு தகரக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுபவர் முகத்தை அந்தக் குழலுக்குள் விடாத குறையாக வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு சேர்ந்த ஊசி, சுற்றும் மெழுகுத் தட்டில் கோடு கிழித்துக்கொண்டே போகும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! தலையை ஆட்டினால் சத்தம் குறையும். நம் பாடகர்கள் தலையையும் கையையும் ஆட்டாமல் எப்படிப் பாடுவார்கள்? மெழுகுத் தட்டின் ஓரத்தில் தொடங்கிய ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் பாட்டு முடிந்தாக வேண்டும். பெரிய தட்டு என்றால் 3 நிமிடம், சின்னது என்றால் அதுவும் இல்லை. தவறு வந்தால் அழித்து எழுத முடியாது. புது மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டும்.

தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டே வரியில் விடை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? எதை விடுவது, எதை வைப்பது என்று தெரிய, பாடம் முழுவதும் மனதில் இருக்க வேண்டும். கௌஹர் ஜான் அதைச் செய்தார். ராகத்தின் அடையாளத்தை முதல் சில விநாடிகளிலேயே காட்டிவிடுவார். உடனே பாட்டுக்குள் நுழைவார். அடுத்து விறுவிறுவென்று சில சங்கதிகள், வேகமான தானம் போன்ற பிருகாக்கள். ஊசி நடுவுக்கு வருவதற்குள் முடிவு. முடிந்ததும் ஒரு நொடி மிச்சம் வைத்து, தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார்.

அது தற்பெருமைக்காக என்று நினைக்காதீர்கள். மெழுகுத் தட்டுகள் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கப்பலில் ஜெர்மனி போகும். அங்கே ஹனோவர் நகரத் தொழிற்சாலையில்தான் அவற்றிலிருந்து இசைத்தட்டுகளை அச்சடித்தார்கள். அங்கிருந்த தொழிலாளிகளுக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பாடியிருக்கிறார் என்று அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மற்றப் பாடகர்களும் இப்படிப் பெயர் சொன்னார்கள். ஆனால் கௌஹர் சொன்ன மிடுக்குதான் ஜனங்கள் மனதில் நின்றது.

சில வாரங்களில் சுமார் 500 பதிவுகளை எடுத்துக்கொண்டு கைஸ்பர்க் அடுத்த நாடுகளுக்குப் புறப்பட்டார். கௌஹர் ஒவ்வொரு முறை பதிவுக்கு வரும்போதும் புதுப் பட்டும் புது நகையுமாக வந்தார், ஒரு முறை போட்ட நகையை மறுமுறை போடவில்லை என்று அவர் பின்னாளில் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். கௌஹர் ஒரு பதிவுக்கு 3000 ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். அப்போது ஒரு பவுன் தங்கக் காசு 15 ரூபாய். அப்படியானால் 3000 ரூபாய்க்கு எத்தனை பவுன்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 வரும்.

1903-ல் தட்டுகள் கப்பலில் திரும்பி வந்தன. மகாராஜாவின் சபைக்குள் நுழைய முடியாத குமாஸ்தாவும் கடைக்காரரும் கௌஹர் ஜான் பாட்டைக் கேட்க முடிந்தது. கிராமபோன் வாங்க வசதி இல்லாதவர்கள், வைத்திருப்பவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார்கள். ஆஸ்திரியா நாட்டில் செய்து இங்கே விற்ற தீப்பெட்டிகளில்கூட அவர் படம் வந்தது. கிராமபோன் கம்பெனி 1908-ல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலேயே தொழிற்சாலை போட்டுவிட்டது. நம் சென்னையிலும் பாடகிகள் இசைத்தட்டுக்குப் பாட முன்வந்தார்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் குரலை நாம் இன்றும் கேட்க முடிவது அதனால்தான். கௌஹர் 1902 முதல் 1920 வரை சுமார் 600 இசைத்தட்டுகள் கொடுத்தார். பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அதில் தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு, பிரெஞ்சும் உண்டு!

அந்த இசைத்தட்டுகள் எதனால் செய்யப்பட்டவை தெரியுமா? அரக்கால். புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டிக்கொண்டு வாழும் மிகச் சிறிய அரக்குப் பூச்சி, தன் உடலைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கிறது. புரசு மரம் நிறைய இருந்ததால்தான் புரசைவாக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக் காடுகளில் ஏழைக் குடியானவர்களும் பழங்குடி மக்களும் அரக்கைச் சுரண்டி எடுத்து விற்பார்கள். கல்கத்தா துறைமுகத்திலிருந்து அது உலகம் முழுக்கப் போயிற்று. அதோடு கல் தூளும் கரித் தூளும் கலந்து சூடாக்கி அழுத்தினால் இசைத்தட்டு. கீழே போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். 1985-ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் அத்தகைய தட்டுகளைக் குவித்து வைத்து விற்பார்கள். ஓரம் உடைந்ததுதான் அதிகம் இருக்கும்.

அமெரிக்காவின் பாட்டுகளும் அதே இந்திய அரக்கில்தான் பதிவாயின. 1917-ல் நியூயார்க்கில் முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்தபோதும், 1920-ல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ப்ளூஸ் பாட்டைப் பதிவு செய்தபோதும் அதே மூன்று நிமிடக் கணக்குதான். கறுப்பினப் பெண் பாடினால் யார் வாங்குவார்கள் என்று அதற்கு முன் கம்பெனிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேமி ஸ்மித்தின் தட்டு கடைகளில் நிற்காமல் விற்றது. கௌஹரும் அவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டு நாட்டிலும் வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பெண்களின் குரல், அரக்குத் தட்டு வழியாக வீட்டுக் கூடத்துக்குள் போய்விட்டது. எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும்.

கௌஹர் ராணி மாதிரியே வாழ்ந்தார். அரச குடும்பத்தாரும் உயர் அதிகாரிகளும் மட்டுமே போகக்கூடிய குதிரை வண்டியில் அவர் போவாராம். அதற்கு 1000 ரூபாய் அபராதம் விதித்தால் கட்டிவிட்டு மறுநாளும் அதே வண்டியில் போவாராம். செல்லப் பூனை குட்டி போட்டதற்கு ஊரையே கூட்டி விருந்து வைத்தார் என்றும் கதை உண்டு. இதையெல்லாம் நான் புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டேன். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக டில்லியில் பெரிய தர்பார் நடந்தபோது, அலகாபாத் ஜானகி பாய் என்ற பாடகியோடு சேர்ந்து கௌஹர் பாடினார்.

காந்திஜி பற்றியும் ஒரு சம்பவம் சொல்வார்கள். சுதந்திரப் போராட்ட நிதிக்காக ஒரு கச்சேரி செய்து தரும்படி காந்திஜி கௌஹரிடம் கேட்டாராம். நீங்கள் நேரில் வந்து கேட்பதாக இருந்தால் பாடுகிறேன் என்று கௌஹர் நிபந்தனை போட்டாராம். கச்சேரி நடந்தது, 24,000 ரூபாய் சேர்ந்தது. ஆனால் வேறு வேலை வந்துவிட்டதால் காந்திஜி வரவில்லை, பணத்தை வாங்கிக்கொள்ள மௌலானா சௌகத் அலியை அனுப்பினார். கௌஹர் 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தாராம். வாக்கில் பாதியை அவர் காப்பாற்றவில்லை, அதனால் நானும் பாதிதான் தருவேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

இவ்வளவு தைரியசாலிக்கு வீட்டுக்குள் நிம்மதி இல்லை. 1906-ல் அம்மா காலமானார். அதன் பிறகு, வீட்டில் வளர்ந்த ஒருவர் தான்தான் மல்கா ஜானின் உண்மையான வாரிசு, சொத்து எனக்கே என்று நீதிமன்றம் போனார். தன் தாய்க்குத் தான்தான் மகள் என்பதை நாடறிந்த ஒரு பாடகி சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்கில் ஜெயித்தார். பிறகு தன்னிடம் நிர்வாகியாக இருந்த அப்பாஸ் என்பவரை நம்பி மணந்துகொண்டார். சொத்துகளை அவர் பெயருக்கு எழுதி வைத்தார். அந்த நம்பிக்கையும் பொய்த்தது. மறுபடியும் வழக்கு, வக்கீல், செலவு. வீடுகள் போயின, நகைகள் போயின. 600 தட்டுகள் பாடியவருக்கு வாடகை வீடு தேடும் நிலைமை வந்தது.

வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்கத்தாவை விட்டு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தென்னாட்டுக்கு வந்தார். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் நம் சங்கீதத்தையும் மேல்நாட்டு சங்கீதத்தையும் ஒருசேர ஆதரித்தவர். 1928 ஆகஸ்டில் அவர் கௌஹரை அரண்மனைக் கலைஞராக நியமித்தார். மாதச் சம்பளம் 500 ரூபாய், தங்குவதற்குத் தில்குஷ் என்ற சிறு பங்களா. ஒரு பதிவுக்கு 3000 கேட்டவருக்கு அது பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் கேட்ட இடத்தில் மரியாதை கிடைத்தது. உடல்தான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகூட முடியாமல், 1930 ஜனவரி 17-ஆம் தேதி, மைசூர் மருத்துவமனையில் தமது 56-ஆம் வயதில் காலமானார். சொந்தம் என்று சொல்ல அருகில் யாரும் இல்லை.

மறு ஆண்டு, 1931-ல், இந்தியாவின் முதல் பேசும் படங்கள் வந்தன. பாட்டு இல்லாத படமே இல்லை. அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாகவும் விற்க வேண்டும் என்பதால், அவையும் மூன்று நிமிடக் கணக்குக்குள் அடங்கின. அரக்குத் தட்டு போய், பிளாஸ்டிக் தட்டு போய், நாடா போய், குறுந்தகடும் போய்விட்டது. அந்தக் கணக்கு மட்டும் உங்கள் கைப்பேசி வரை வந்திருக்கிறது.

கௌஹரின் 145-ஆவது பிறந்த நாளான 2018 ஜூன் 26 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து போட்டது. அவருடைய பழைய தட்டுகள் பலவற்றை ஆர்வலர்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் சொல்லித் தேடிக் கேளுங்கள். முதலில் எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்கும். அதற்குப் பின்னால் மெல்லியதாக, உயரமாக ஒரு குரல் எழும். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். பாட்டு முடிந்ததும் ஊசி நடுவை நெருங்கும்போது, அவர் தம் பெயரைச் சொல்லுவார்.